குயவரிடம் கற்ற அதிகாரி: சீன தேசத்துத் தாங் யிங்

உலகில் தொழில் செய்வோர் ஒரு சாரார். தொழிலைச் செய்விப்போர் மற்றொரு சாரார். செய்வோர்க்குக் கையறிவு உண்டு. செய்விப்போர்க்கு ஆணை உண்டு. இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்து காண்பது மிக அரிது. ஆணையுடையோர் தமக்குத் தெரியாத தொழிலையும் தெரிந்தார்போல் நடத்தி, பிழை நேர்ந்தவிடத்துச் செய்தவன்மேற் பழியை ஏற்றுவதும், பெருமை வந்தவிடத்துத் தாமே அதனை ஏற்பதும் எந்நாட்டிலும் காணும் வழக்கமாம். அவ்வழக்கத்தினின்றும் விலகி, அரசனது ஆணையைக் கையிற் பிடித்தவராய் வந்தும், தொழிலாளரிடம் மாணாக்கராய் அமர்ந்து கற்ற ஒரு பெரியாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்போம். அவர் சீன தேசத்தில் 1682 முதல் 1756 வரை வாழ்ந்த தாங் யிங் என்பவர்.

பீஜிங் அரண்மனைப் பொருட்காட்சிசாலையிலும், தைபே நகரத்துப் பொருட்காட்சிசாலையிலும், லண்டனிலுள்ள பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையிலும் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த செந்நிறப் பீங்கான் பாத்திரங்கள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு பூச்சாடியை மனத்தாற் காண்போமாக. கழுத்து மெலிந்து, வயிறு மெல்லப் பருத்து, அடி மீண்டும் ஒடுங்கியிருக்கும். மேலே சித்திரம் இல்லை, பூவேலை இல்லை, பொன் இல்லை. உடல் முழுவதும் ஒரே ஆழ்ந்த சிவப்பு. வாயின் விளிம்பில் மாத்திரம் அச்சிவப்பு விலகி, நூலிழைபோன்ற வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். சாடியைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் நீல எழுத்து ஆறு காணலாம். அவ்வெழுத்துக்கள் அரச வமிசத்தின் பெயரையும், ஆண்ட சக்கரவர்த்தியின் பெயரையும் கூறும். மண்ணை மிதித்தவன் பெயரோ, சக்கரத்தில் வனைந்தவன் பெயரோ, மெருகு பூசியவன் பெயரோ, நெருப்பைக் காத்தவன் பெயரோ அங்கு இல்லை. பெயரில்லாத அக்கைகளின் அறிவை மதித்ததே தாங் யிங்கின் வாழ்க்கையின் சாரம்.

பிறப்பும் அரண்மனைச் சேவையும்

தாங் யிங் வடசீனத்தில் ஷென்யாங் என்னும் நகரத்தைச் சார்ந்த குடும்பத்தில் 1682ஆம் ஆண்டில் பிறந்தார். அக்குடும்பம் சீன இனத்ததாயினும், அந்நாளில் சீனத்தை ஆண்ட மஞ்சு அரசரின் படைக்கொடிகளுள் ஒன்றான வெண்கொடிப் பிரிவில் சேர்ந்து, அரண்மனைக்கு ஊழியம் செய்யும் கடமைப்பட்டிருந்தது. ஆதலின் தாங் யிங் பதினாறு வயதிலேயே அரண்மனைக்குள் புகுந்து ஏவல் செய்யத் தொடங்கினார். அப்பொழுது ஆண்டவர் காங்சி சக்கரவர்த்தி.

அரண்மனையிலேயே தொழிற்சாலைகள் இருந்தன. சித்திரம், பச்சைக்கல் வேலை, எனாமல் வேலை, கடிகார வேலை முதலிய பலவும் அங்கு நடந்தன. அவற்றினிடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் தாங் யிங் ஊழியம் புரிந்தார். சித்திரம் வரையவும், அழகிய கையெழுத்து எழுதவும், பாட்டியற்றவும், நாடகம் புனையவும் வல்லவரானார். எனினும் உயர்ந்த பதவி அவரை விரைவில் அடையவில்லை. 1722இல் காங்சி மறைந்து, அவர் மைந்தர் யோங்ஜெங் அரியணை ஏறிய பின்னரே அரண்மனைக் காரியாலயத்தில் குறிப்பிடத்தக்க உத்தியோகம் ஒன்று அவருக்குக் கிடைத்தது.

1728ஆம் ஆண்டில் சக்கரவர்த்தியின் கட்டளை ஒன்று வந்தது. தென்னாட்டிலுள்ள ஜிங்தேஜென் நகரஞ் சென்று, அங்குள்ள அரசாங்கப் பீங்கான் சூளையில் தங்கி மேற்பார்வை செய்ய வேண்டும் என்பதே அது. அக்காலத்தில் சூளைகளுக்குத் தலைமை அதிகாரி நியென் சியாவ் என்பவர். அவர் தொலைவிலுள்ள ஹுவாயான் என்னும் ஊரில் சுங்க அதிகாரியாயும் இருந்தமையால், சூளையருகில் நாள்தோறும் இருந்து பார்ப்பதற்கு ஒருவர் தேவைப்பட்டார். தாங் யிங்குக்கு அப்பொழுது வயது நாற்பத்தாறு. பீங்கானில் உண்டிருப்பார், பீங்கானின் அழகைப் புகழ்ந்திருப்பார், ஆனால் பீங்கான் ஆகும் வகையை அவர் சிறிதும் அறியார். இக்குறையை அவரே பிற்காலத்தில் ஒளியாது எழுதி வைத்தார்.

ஜிங்தேஜென் நகரம்

ஜிங்தேஜென் சியாங்சி மாகாணத்தில் சாங் என்னும் ஆற்றங்கரையில் உள்ளது. 1004இல் அப்பொழுதாண்ட அரசரின் ஆட்சிப் பெயரால் அவ்வூர் அப்பெயர் பெற்றது. அதன் அருகிலுள்ள காவோலிங் என்னும் குன்றிலிருந்து வெட்டிய வெண்களிமண்ணின் பெயரே இன்று உலகெங்கும் கயோலின் என வழங்குகின்றது. வெண்களிமண் எலும்பு போன்று பாத்திரத்துக்கு உறுதியளிக்கும். பீங்கான்கல் என்னும் மற்றொரு கல்லை இடித்த பொடி தசை போன்று நெருப்பில் உருகி அதனை இறுக்கும். இவ்விரண்டும் கூடிய மண்ணே பீங்கான் மண்.

பிரான்ஸ் தேசத்துக் கிறிஸ்தவ குருவாகிய தந்த்ரகோல் என்பவர் அந்நகரில் வசித்து, 1712லும் 1722லும் இரண்டு நீண்ட கடிதங்கள் எழுதினார். மூவாயிரம் சூளைகள் அங்கு எரிந்ததாக அவர் கூறுகின்றார். இரவில் அந்நகரைக் காண்போர்க்கு ஊர் முழுவதும் தீப்பற்றினாற் போலத் தோன்றுமாம். வேலையோ பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒருவன் வனைவான், ஒருவன் கடைவான், ஒருவன் கோடு மாத்திரம் இழுப்பான், ஒருவன் வண்ணம் நிரப்புவான். ஒரு சிறு கிண்ணம் எழுபத்திரண்டு கைகளைக் கடந்தே பூரணமாகும் என்று 1637இல் சொங் யிங்சிங் என்ற அறிஞர் தம் தொழில்நூலிற் கணக்கிட்டுள்ளார். இத்தகைய ஊருக்குத்தான் ஒன்றும் அறியாத ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார்.

செம்பு தரும் சிவப்பு

அவருக்கு முன்னிருந்த இடர்களுள் தலையாயது சிவப்பு. நீலம் எளிது, பச்சையும் பழுப்பும் எளிது. சிவப்பே கடினம். அதன் காரணத்தை நேயர்கள் அறிந்தாலன்றித் தாங் யிங்கின் பெருமை விளங்காது. ஆதலின் சிறிது விரித்துரைப்போம்.

நம் நாட்டுப் பானைக்கு நிறந்தருவது மண்ணிலுள்ள இரும்பு. சூளையிற் காற்று நன்கு புகுமாயின் பானை சிவக்கும். வாயை மூடிப் புகையைத் தேக்கினால் அதே பானை கறுக்கும். இதனை நம் வேட்கோவர் வழிவழியாய் அறிவர். செம்பின் இயல்போ இதற்கு நேர் மாறானது. செம்பு கலந்த மெருகைப் பீங்கான்மேற் பூசிக் காற்றோட்டமுள்ள நெருப்பிற் சுட்டால் அது பச்சையாகும். புகை தேங்கிய நெருப்பிற் சுட்டாலே சிவப்பாகும். புகையானது செம்பினின்றும் பிராணவாயுவைக் கவர்ந்துவிட, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய செம்புத் துகள்கள் மெருகினுள் நின்று செவ்வொளி காட்டுகின்றன என்பது இற்றை விஞ்ஞானிகள் கண்ட உண்மை.

மெருகிற் சேரும் செம்பு நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவே. அதிற் சிறிது மிகுந்தால் நிறம் கறுக்கும். சிறிது குறைந்தால் வெளுக்கும். பீங்கான் இறுகுவதற்கு ஏறத்தாழ 1,300 டிகிரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் செம்பு நிலையாது ஆவியாய்ப் பறந்து போகும் இயல்புடையது. புகை முந்தினாலும் கேடு, பிந்தினாலும் கேடு. விறகு ஈரமாயிருந்தாலும், காற்றின் திசை மாறினாலும், சாடியைச் சூளையில் ஒரு முழம் தள்ளி வைத்தாலும் நிறம் கெடும். சிவப்பை நாடிச் சூளையிட்ட பாத்திரங்கள் ஈரல் நிறமாகவும், சாம்பல் நிறமாகவும், புள்ளிபடிந்தனவாகவும் வெளிவருவது வழக்கம். வறுமையை விரும்புவோன் செம்மெருகு சுடுக என்ற கருத்தில் அந்நாட்டில் ஒரு பழமொழியும் வழங்குகின்றது.

இச்சிவப்பு மிங் வமிசத்துச் சுவாந்தே சக்கரவர்த்தி காலத்தில், அதாவது 1426 முதல் 1435 வரை, மிகச் சிறந்து விளங்கிற்று. சூரிய வழிபாட்டுக்குரிய பாத்திரங்கள் சிவப்பாயிருக்க வேண்டும் என்ற விதியும் பின்னர் ஏற்பட்டது. எனினும் அவ்வித்தை சில தலைமுறைகளுக்குள் மங்கிற்று. பதினாறாம் நூற்றாண்டில் சூளையார் செம்புச் சிவப்பைக் கைவிட்டு, அன்னபேதியைச் சுட்டெடுத்த இரும்புச் சிவப்பை மேலே தீட்டி, குறைந்த வெப்பத்தில் ஒட்டவைக்க அரசாங்கத்தின் அனுமதி பெற்றனர். அது செங்காவி போன்ற நிறம், ஆழமற்றது. சியாங்சி மாகாணத்தை 1705 முதல் 1712 வரை ஆண்ட லாங் திங்ஜி என்பவர் காலத்திலேதான் செம்புச் சிவப்பு மீண்டும் பெருஞ் சிறப்புடன் தோன்றிற்று. அவர் பெயரால் வழங்கும் லாங் சிவப்பு கண்ணாடிபோற் பளபளத்து, நுண்ணிய வெடிப்புக்களுடன் கீழ்நோக்கி வழிந்து நிற்கும். வாயருகில் மெருகு வழிந்துவிடுதலால் வெண்மை தோன்றும். சுவாந்தே காலத்துச் சிவப்போ அமைதியானது, வெடிப்பில்லாதது, ஆரஞ்சுப் பழத்தின் தோல்போல் மெல்லிய புள்ளிகளையுடையது. அதனையும் மீட்க வேண்டுமென்பது யோங்ஜெங் அரண்மனையின் விருப்பம்.

மூன்றாண்டுக் கல்வி

புதிதாய் வந்த அதிகாரி யாது செய்தல் கூடும்? பொருள் நன்றாயிராவிடில் தண்டிப்பதாக அச்சுறுத்தலாம். தொழிலாளர் கூறியதையெல்லாம் தலையசைத்து ஒப்புக்கொண்டு, வரும் குற்றங்களை அவர்மேற் சுமத்தலாம். முன்னிருந்தோர் பலர் இவ்விரண்டினுள் ஒன்றைச் செய்தனர். தாங் யிங் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். வாயிற்கதவைச் சாத்தினார். ஊர்ப் பெரியோரைக் காண்பதையும், விருந்துகளுக்குச் செல்வதையும் நிறுத்தினார். தொழிலாளர் உண்டவிடத்தில் அவரோடு உண்டார். அவர்கள் ஓய்ந்தபோது தாமும் ஓய்ந்தார். இவ்வாறு மூன்று ஆண்டுகள் கழிந்தன.

இச்செயலின் அருமையை நாம் நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். சீனத்தில் எழுத்தறிந்தோர்க்கும் கைத்தொழிலாளர்க்கும் இடையேயிருந்த தூரம் பெரிது. கற்றவன் மண்ணைத் தொடான். அதிகாரி குயவனோடு உண்ணான். சக்கரவர்த்தியின் அரண்மனையில் முப்பது ஆண்டுகள் பழகி, பாட்டும் சித்திரமும் அறிந்த ஒருவர் சூளைப் புகையிடையே அமர்ந்து, மண்படிந்த கையினரை ஆசிரியராகக் கொள்வதென்றால், அதற்குக் கல்வியினும் மேலான ஒன்று வேண்டும். அது பணிவு.

மூன்றாண்டின் முடிவில், 1731ஆம் ஆண்டளவில், மண்ணின் குணங்களையும், மெருகுக் கலவைகளையும், நெருப்பின் மாற்றங்களையும் அவர் அறிந்தவரானார். முழுவதும் அறிந்தேன் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. முன்னர்த் தொழிலாளர் கருத்திற்குத் தாம் இசைந்து வந்ததாகவும், இனித் தம் கருத்தை உரைத்து அவர்களை இசைவிக்கும் தகுதி தமக்கு வந்ததாகவும் மாத்திரம் எழுதினார். ஆணை முதல்நாளே கையிலிருந்தது. அதனைச் செலுத்தும் தகுதியைத் தேட மூன்றாண்டு வேண்டியிருந்தது.

கைகூடிய நிறங்கள்

கற்றதை அவர் தேக்கி வைக்கவில்லை. பழைய சொங் வமிச காலத்தில் ஹெனான் மாகாணத்து ஜுன்ஜோவில் செய்யப்பட்ட பாத்திரங்கள், நீலமும் ஊதாவும் சிவப்பும் ஒன்றிலொன்று கலந்து ஓடும் மெருகினால் பெயர் பெற்றவை. அவ்வித்தையின் மர்மத்தை ஆராய்ந்து வருமாறு 1729இல் தம் உதவியாளரான வூ யாவ்பூ என்பவரை அவ்வூருக்கே அனுப்பினார். அம்முயற்சி பலித்தது. சூளையின் விளையாட்டால் தற்செயலாய்த் தோன்றியதென முன்னர்க் கருதப்பட்ட வண்ணக்கலப்பை, அதன்பின் வேண்டியபோது விளைவிக்கும் வகை ஜிங்தேஜென் தொழிலாளர்க்குக் கைவந்தது. சிவப்புத் தீச்சுடரிடையே நீலக்கொழுந்து ஓடுவது போன்ற சாடிகள் பல இவ்வகையிற் பிறந்தன.

1735இல் தாங் யிங் ஒரு கல்வெட்டு நிறுத்தினார். தம் மேற்பார்வையில் அரசாங்கச் சூளையில் ஆக்கப்பட்ட மெருகு வகைகளையும் அலங்கார வகைகளையும் அதில் வரிசையாகப் பொறித்தார். அவை ஐம்பதுக்கு மேற்பட்டவை. அவற்றுள் சுவாந்தே காலத்துச் சிவப்பைப் பின்பற்றியது ஒன்று. அது பசுஞ்சிவப்பு, மாணிக்கச் சிவப்பு என இருவகையாய்க் கூறப்பட்டுள்ளது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் மங்கிய அமைதியான சிவப்பு இவ்வாறு மீண்டது. 1728 முதல் 1735 வரையில் மூன்று அல்லது நான்கு இலட்சம் பாத்திரங்கள் செய்து அரண்மனைக்கு அனுப்பியதாகவும், சூளையில் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் ஊதியம் பெற்றதாகவும் அக்குறிப்பால் அறிகின்றோம். கலவைகளை மறைத்து வைப்பதே தொழிலுலகின் வழக்கமாயிருந்த அந்நாளில், செய்தவற்றின் பட்டியலைக் கல்லிற் பொறித்து ஊர்நடுவே வைத்தமை குறிப்பிடத்தக்கது.

தோங் பின் கோயில்

தொழிலாளரிடம் தாங் யிங் கொண்டிருந்த அன்பிற்கு மற்றொரு சான்று உண்டு. 1599இல், மிங் வமிசத்து வான்லி சக்கரவர்த்தி காலத்தில், பான் சியாங் என்ற அரண்மனை அலி வரி தண்டவும் சூளையை நடத்தவும் அவ்வூருக்கு வந்தான். நாகசித்திரம் தீட்டிய மிகப் பெரிய தொட்டிகள் வேண்டுமென அவன் கட்டளையிட்டான். அத்தகைய பருத்த பாத்திரம் நெருப்பிற் பிளவாது நிற்பது அரிது. சூளைதோறும் தொட்டிகள் வெடித்தன. தொழிலாளர் பட்டினியும் கசையடியும் பட்டனர். உடன்தொழிலாளர் படும் துயரைப் பொறாத தோங் பின் என்ற குயவர் எரியும் சூளையினுள் தாமே பாய்ந்து உயிர்நீத்தார். மறுநாள் சூளையைத் திறந்தபொழுது தொட்டி பழுதின்றி வந்ததென்று ஊரார் கூறுவர். சிவப்பு மெருகைக் குறித்தும், தந்தையைக் காக்கச் சூளையிற் பாய்ந்த பெண்ணொருத்தியின் குருதியே அந்நிறமாயிற்று என்றொரு கதை அங்கு வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அரசரின் அழகிய பொருளுக்குக் குயவர் கொடுத்த விலையை அது நினைவூட்டுகின்றது.

ஊரார் தோங் பின்னைக் காற்றுக்கும் நெருப்புக்கும் உரிய தெய்வமாகக் கொண்டு கோயிலெடுத்து வணங்கினர். தாங் யிங் அவர் வரலாற்றை விசாரித்துத் தாமே எழுதினார். ஒரு கோயிலில் கேட்பாரற்றுக் கிடந்த பழுதுபட்ட நாகத்தொட்டி ஒன்றைக் கண்டு, அதனைத் தோங் பின் சந்நிதிக்குக் கொண்டுவந்து வைக்கச் செய்தார்; அதுபற்றியும் ஒரு கட்டுரை வரைந்தார். உடைந்த தொட்டியை எதற்காக இத்துணைச் சிறப்புடன் கொணர வேண்டும் என்று கேட்போர் இருந்திருக்கலாம். அரண்மனை சேர்ந்த நல்ல தொட்டிகள் சக்கரவர்த்தியின் பெருமையைச் சொல்லும். அரண்மனைக்கு உதவாது விழுந்த தொட்டியோ அதனைச் செய்தவர் பட்ட பாட்டைச் சொல்லும். ஆணையிட்டவரின் வழிவந்த ஓர் அதிகாரியே இதனை உணர்ந்து போற்றியது வியக்கத்தக்கது. அடியிற் பெயரெழுதப் பெறாத குயவருள் ஒருவர் பெயராயினும் நிலைத்து நிற்க இதனால் வழியாயிற்று.

சுங்கமும் சூளையும்

1735இல் யோங்ஜெங் மறைய, அவர் மைந்தர் சியென்லோங் பட்டமேற்றார். மறுவருடம் தாங் யிங் ஹுவாயானில் சுங்க அதிகாரியானார். 1739இல் ஜியுஜியாங் சுங்கத்துக்கு மாற்றப்பட்டார். சூளைப் பொறுப்பும் அவரிடமே இருந்தது. சுங்க வருமானத்தினின்றே சூளைச் செலவு நடந்தமையால் இரண்டும் ஒருவர் கையில் வைக்கப்பட்டன. ஆயினும் ஜியுஜியாங் சூளைக்குத் தொலைவானது. ஆண்டில் சிலமுறை மாத்திரமே அவர் அங்குச் செல்ல முடிந்தது.

அதன் பயன் விரைவில் தெரிந்தது. 1741இல் அரண்மனைக்கு வந்த பாத்திரங்கள் முரடாயிருப்பதாகவும், மெருகு குன்றியிருப்பதாகவும், உடைந்தவை கலந்திருப்பதாகவும் சியென்லோங் சக்கரவர்த்தி கடிந்து எழுதினார். பழங்காலப் பாத்திரங்களை நுணுகிப் பார்க்கும் கண்ணுடையவர் அவர். குறையைப் பொறுக்கும் இயல்பினர் அல்லர். அந்நிலையில் பழியைத் தொழிலாளர்மேல் தள்ளுவது எளிது. தாங் யிங்கோ, தாம் சுங்கச்சாவடியிலிருக்க, சூளையருகில் தகுந்த மேற்பார்வையாளர் இல்லாமையே காரணமெனத் தெரிவித்தார். அவ்வாண்டிலேயே சூளையருகில் நிலையாய்த் தங்கும் உதவி அதிகாரி ஒருவர் அரண்மனையிலிருந்து அனுப்பப்பட்டார். கண் அகன்றால் தொழில் தளரும் என்னும் பாடத்தை, முன்பு மூன்றாண்டு அருகிருந்து கற்ற அவரே இப்பொழுது தொலைவிலிருந்து துன்புற்றுக் கற்றார்.

பின்னர் வந்த ஆண்டுகளில் சூளை முன்னினும் சிறந்தது. உள்ளே ஒரு சாடியும் வெளியே துளையிட்ட மற்றொரு சாடியுமாக அமைந்து, கழுத்தைத் திருப்பினால் உட்சித்திரம் சுழலும் விசித்திரப் பாத்திரங்கள் அக்காலத்தவை. ஒரு வண்ணச் சாடியின் எளிமையை விரும்புவோர்க்கு அவை மிகையெனத் தோன்றலாம். எனினும் பலமுறை சுட்டும் அளவு மாறாது ஒன்றனுள் ஒன்று பொருந்தச் செய்த கைகளின் திறத்தை மறுத்தல் இயலாது.

இருபது சித்திரங்கள்

1743இல் சக்கரவர்த்தி பீங்கான் தொழிலைக் காட்டும் இருபது சித்திரங்களைத் தாங் யிங்குக்கு அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதுமாறு பணித்தார். கல்லை வெட்டியிடித்தல் தொடங்கி, மண்ணைக் கரைத்துத் தெளிவித்தல், சூளையிற் பாத்திரங்களைக் காக்கும் மண்ணுறைகள் செய்தல், வனைதல், கடைதல், நீலக்கல்லைத் தேர்தல், மெருகு பூசல், சூளையடுக்கல், திறத்தல், வைக்கோலிற் கட்டி அனுப்பல் ஈறாக, இறுதியில் சூளைத் தெய்வத்தை வணங்குதல் முடிய அனைத்தையும் அவர் வரிசையாக விளக்கினார்.

அவ்விளக்கத்தில் உடலுழைப்பின் துன்பமும் மறைக்கப்படவில்லை. சூளை பெரும்பாலும் மூன்று நாள் கழித்து நான்காம் நாட் காலையில் திறக்கப்படும். அப்பொழுதும் மண்ணுறைகள் தணல்நிறம் மாறாதிருக்கும். உள்ளே புகுதல் அரிது. பத்துக்கு மேற்பட்ட மடிப்புத் துணியாற் செய்த கையுறையைக் குளிர்ந்த நீரில் நனைத்துக் கையிலணிந்து, தலையையும் முகத்தையும் தோளையும் முதுகையும் ஈரத்துணியாற் போர்த்துக்கொண்டே தொழிலாளர் பாத்திரங்களை வெளியே எடுப்பர். எடுத்து முடித்த சூட்டிலேயே அடுத்த சூளையை அடுக்குவர். மாளிகையிற் சாடியைக் காண்போர் அதன் குளிர்ந்த மெருகை மாத்திரமே தடவுவர். அதனை முதலிலெடுத்த கை எப்படியிருந்தது என்பதைச் சக்கரவர்த்தி அறிய எழுதியவர் தாங் யிங். அந்நூல் பிற்காலத்தில் ஐரோப்பிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு, சீனப் பீங்கானைக் கற்போர்க்கு முதனூல்களுள் ஒன்றாயிற்று.

இறுதிக் காலம்

1750 அளவில் அவர் கான்டன் துறைமுகச் சுங்கத்துக்கு மாற்றப்பட்டு, சில ஆண்டிற்குள் மீண்டும் ஜியுஜியாங்கிற்கே திரும்பினார். முதுமையும் நோயும் வருத்த, 1756இல் பதவியினின்றும் விலகி, அவ்வாண்டிலேயே இவ்வுலக வாழ்வை நீத்தார். சூளையோடு அவருக்கிருந்த தொடர்பு ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள். அவர் காலத்துப் பொருள்களைத் தாங் சூளை என்றே சீனர் பெயரிட்டு வழங்குகின்றனர்.

அவர் மறைந்தபின் அரசாங்கச் சூளை நடந்தே வந்தது. எனினும் அவரளவு தொழிலறிந்த தலைவர் அதற்கு வாய்க்கவில்லை என்பது அறிஞர் பலரின் கருத்து. ஐரோப்பியர் செம்புச் சிவப்பின் மர்மத்தை அறியப் பல ஆண்டுகள் முயன்றனர். பிரான்ஸில் ஏர்னஸ்ட் ஷப்லே என்பவரும், பெர்லினில் ஹெர்மன் ஜேகர் என்னும் இரசாயன நிபுணரும் 1880க்குப் பிற்பட்ட ஆண்டுகளிலேதான் அதில் வெற்றி கண்டனர். தராசும் வெப்பமானியும் இரசாயன நூலும் துணையிருந்தும் அவர்கள் அரும்பாடு பட்டு அடைந்ததை, விறகின் ஈரத்தையும் சுடரின் நிறத்தையும் கண்ணாலறிந்து ஜிங்தேஜென் குயவர் நெடுங்காலத்திற்கு முன்னரே நிறைவேற்றினர்.

தாங் யிங் தம் பாட்டுக்களையும் கட்டுரைகளையும் தொகுத்து ஒரு நூலாக்கினார். அதற்கு அவரிட்ட பெயர், குயவனின் உள்ளத்துரை என்னும் பொருளுடையது. சுங்க அதிகாரியென்றோ, அரண்மனை உத்தியோகஸ்தரென்றோ, புலவரென்றோ தம்மைக் கூறிக்கொள்ள அவருக்கு உரிமையிருந்தது. அவற்றையெல்லாம் ஒதுக்கி, குயவன் என்னும் பெயரையே அவர் விரும்பி ஏற்றார். பிறப்பினால் அப்பெயர் அவருக்கு வரவில்லை. மூன்றாண்டு உடனுண்டு உடனுறைந்து கற்றமையால் வந்தது. உலகம் தாழ்வாகக் கருதிய ஒரு பெயரை உயர்ந்த பட்டமாக அவர் அணிந்து கொண்டார்.

அன்பர்காள்! கைத்தொழிலை இகழ்வதும், தொழிலாளன் அறிவை அறிவென்று எண்ணாதிருப்பதும் சீன தேசத்துக்கு மாத்திரம் உரிய குற்றங்கள் அல்ல. நம் பிள்ளைகள் உயர்ந்த கல்வி பெற்று உத்தியோகத்தில் அமர்வது மகிழத்தக்கதே. அவ்விடத்திலமர்ந்தபின், தம் கீழ்ப் பணிபுரிவோரிடம் கற்கவேண்டியது யாது என்று கேட்கும் மனமும் அவர்கட்கு வாய்க்குமாயின் அக்கல்வி பயனுடையதாகும். தந்தையும் பாட்டனும் கையாற் செய்த தொழிலைக் கூறிக்கொள்ள நாணுவோர், சக்கரவர்த்தியின் அதிகாரி ஒருவர் அத்தொழிற் பெயரையே தம் நூலுக்குச் சூட்டியதை நினைப்பாராக.

செந்நிறச் சாடியின் அடியில் அரசர் பெயரே உள்ளது. ஆயினும் அதன் சிவப்பு, பெயரில்லாத பலர் நெருப்பின் முன்னின்று கற்ற அறிவின் நிறமாகும். அவ்வறிவைக் கண்டு வணங்கியமையால் தாங் யிங்கின் பெயரும் அவர்களோடு சேர்ந்து நிலைபெறுவதாயிற்று.